படுத்திருக்கும் ஆறு பேர்

மனிதர்களை வெட்டித் தருவதும் என் வேலையில் அடக்கம். பல்கலைக்கழகத்தில் கட்டடக்கலை படிப்பவர்கள் அட்டையிலும் மெல்லிய பலகையிலும் சின்னச் சின்ன மாதிரிக் கட்டடங்கள் செய்வார்கள். பக்கத்தில் ஓர் ஆள் நின்றால்தான் கட்டடம் எவ்வளவு பெரிது என்று தெரியும். அதற்காக ஒரு தாளுக்கு நாற்பது பேர் என்று லேசர் மெஷினில் வெட்டி வைப்பேன். என் சுண்டுவிரலில் பாதி உயரம் இருப்பார்கள். நிற்பவர், நடப்பவர், பை மாட்டியவர், சைக்கிள் தள்ளுபவர். வருடக்கணக்காக அதே நாற்பது பேர்.

நான் தொடக்கப்பள்ளியோடு நின்றவன். தச்சு வேலை பார்த்து, பிறகு ஓர் ஒப்பந்தக்காரரிடம் இருந்து, நாற்பது வயதுக்கு மேல் இந்தப் பல்கலைக்கழகப் பட்டறைக்கு வந்தேன். நாலு பேர் சேர்ந்து என்னைப் பார்த்தாலே எனக்கு நாக்கு ஒட்டிக்கொள்ளும். பட்டறைக் கதவுக்கு அந்தப் பக்கம் முதல் பருவ ஸ்டூடியோ. வேறு எதையோ படித்து, வேறு வேலை பார்த்துவிட்டு, கட்டடக்கலையில் முதுகலைக்கு வருகிறவர்களுக்கான வகுப்பு அது. கோடு போடவே அங்கேதான் பழகுவார்கள். கதவு எப்போதும் திறந்திருக்கும். மெஷின் ஓடும்போது நான் சும்மா நிற்க வேண்டும். நின்றபடி கேட்டேன். அத்தனை வருடம் கேட்டால் யாருக்கும் கொஞ்சம் ஏறும்.

அந்தப் பருவத்தின் பயிற்சி, நாங்கள் தேக்கா என்று சொல்லும் லிட்டில் இந்தியாவில் ஒரு பின்சந்தில் இருபது பேர் ஓய்வெடுக்க ஓர் இடம் வடிவமைப்பது. முன்பு மருத்துவமனையில் தாதியாக இருந்த ஒரு மாணவி அட்டை வெட்ட வந்தபோது இதைச் சொன்னாள்.

"அங்கிள், தேக்காவைப் பத்தி உங்களுக்குத் தெரியாததா? நீங்களும் ஒண்ணு செய்யுங்க லா. மார்க் போட மாட்டாங்க, ஆனா ஃபெயில் பண்ணவும் மாட்டாங்க."

"சும்மா இரும்மா" என்றேன். அன்று மாலையே மிச்சக் கட்டைகளை எடுத்து ஒதுக்கி வைத்தேன்.

முதலில் செய்ததை நினைத்தால் இப்போதும் கூச்சமாக இருக்கிறது. பசை, ஆணி எதுவும் இல்லாமல், மூட்டுக்குள் மூட்டு செருகி, தேய்த்து மெருகேற்றிக் கொண்டுபோய் அந்த ஸ்டூடியோ ஆசிரியையின் மேசையில் வைத்தேன். அவர் யாழ்ப்பாணப் பூர்வீகம், இங்கேயே பிறந்து வளர்ந்தவர். என்னிடம் தமிழில்தான் பேசுவார். சுற்றிச் சுற்றிப் பார்த்தார்.

"மூட்டெல்லாம் ரொம்ப அழகு அண்ணே. ஆனா இது ஃபர்னிச்சர். ஆளு எங்க இருப்பான்?"

முப்பது வருடமாக நான் கட்டையைத்தான் பார்த்திருந்தேன். கட்டைக்கும் கட்டைக்கும் நடுவில் இருக்கிற காலி இடத்தைப் பார்த்ததில்லை. அங்கேதான் ஆள் இருக்கிறான்.

"சுவரை அளக்காதீங்க. ஆளுங்கள அளந்துட்டு வாங்க" என்றார்.

ஞாயிற்றுக்கிழமை அளவு நாடாவோடு தேக்காவுக்குப் போனேன். ஊரிலிருந்து வந்து கட்டுமான வேலை செய்யும் இளைஞர்கள் எல்லாம் வெளியே இருக்கும் நாள். கடை வரிசைக்குப் பின்னால் ஒரு சிமெண்டு விளிம்பில் அட்டையை விரித்து ஒருவர் தூங்கிக்கொண்டிருந்தார். ஒரு கால் மட்டும் கீழே தொங்கித் தரையில் ஊன்றியிருந்தது. நாடாவை மெதுவாக இழுத்தேன். சத்தத்தில் ஒரு கண்ணைத் திறந்தார்.

"என்ன அண்ணே, எனக்குப் பெட்டி செய்யப் போறீங்களா?"

ஓடிவிடலாமா என்று இருந்தது. தட்டுத் தடுமாறி விஷயத்தைச் சொன்னேன். அவர் எழுந்திருக்கவே இல்லை.

"அளந்துக்கங்க. இது ஒன்றரை அடிதான். பிரேக் போட்ட மாதிரி ஒரு காலைத் தரையில வச்சுக்கிட்டேதான் தூங்கணும். ரெண்டேகால் அடி இருந்தா புரண்டு படுப்பேன். இன்னொண்ணும் எழுதிக்கங்க, மழை வந்தா எழுந்திருக்க வேண்டி வரக் கூடாது."

அந்த இரண்டையும் வைத்துக்கொண்டுதான் மறுபடி தொடங்கினேன். சுவரோரமாக ரெண்டேகால் அடி அகலத்தில் நீளமான மேடை. கீழே செருப்பும் பையும் வைக்க இடம். சாரல் படாதபடி நீட்டிய கூரை. தெருப் பக்கம் ஒரு குட்டைச் சுவர்; படுத்தால் தெருவுக்குத் தெரியாது, எழுந்து உட்கார்ந்தால் தெருவைப் பார்க்கலாம். கட்டடத்தை ரொட்டி மாதிரி குறுக்கே நறுக்கி உள்ளே தெரிவதை வரையச் சொல்லித் தந்தார் ஆசிரியை. மாணவர்கள் திணறிய பாடம் அது. அறுப்பது என் தொழில், எனக்கு ஒரே நாளில் பிடிபட்டுவிட்டது. அந்தச் சுவரின் உயரத்தை மூன்று முறை மாற்றினேன். வரைந்து பார்த்தால்தான் தப்பு தெரிகிறது.

கடைசியில் ஆட்களை வைக்கப் போனபோது என் நாற்பது பேரில் ஒருவரும் உதவவில்லை. ஓய்விடத்தில் எல்லோரும் நிற்கிறார்கள், நடக்கிறார்கள். அதே தாள்தான் மாணவர்களிடமும். அவர்களுடைய ஓய்விடங்களிலும் ஒருவர்கூட ஓய்வெடுக்கவில்லை. நானே ஆறு பேரைப் புதிதாக வரைந்து வெட்டினேன். ஆறு பேரும் படுத்திருந்தார்கள். ஒருவருக்கும் கால் தரையில் இல்லை.

"வெள்ளிக்கிழமை ரிவ்யூவுல உங்களோடதையும் வைக்கிறேன்" என்றார் ஆசிரியை. வெளியிலிருந்து ஒரு கட்டடக்கலைஞர் வந்து பார்த்துக் குறை சொல்வார். அவர் தேர்ந்தெடுப்பவை கீழே கண்ணாடிக் கூடத்தில், செய்தவர் பெயரோடு ஒரு பருவம் முழுக்க இருக்கும். நான் செய்த கதவுகள், அலமாரிகள் இந்த ஊரில் எத்தனையோ வீடுகளில் இருக்கின்றன. என் பெயர் எதிலும் இல்லை. அந்தப் பெயர்ச்சீட்டு எனக்கு வேண்டும் என்று இருந்தது. தோ பாயோவில் இருக்கும் எங்கள் வீட்டில் என் மனைவி வெள்ளைச் சட்டையைத் தேய்த்து வைத்தாள். "பேரோட சேர்த்து போட்டோ எடுத்து அனுப்புங்க, தங்கச்சிக்கெல்லாம் காட்டணும்" என்றாள்.

வெள்ளிக்கிழமை காலை ஆசிரியை என்னைத் தனியாகக் கூப்பிட்டார்.

"அண்ணே, அந்தப் படுத்திருக்கிறவங்கள மட்டும் எடுத்துடுங்களேன். வர்றவரு கொஞ்சம் கறார். டிசைன் நல்லாருக்கு, கண்டிப்பா கீழ கூடத்துக்குப் போயிடும்."

யோசித்தேன். எடுக்கவில்லை.

வந்தவர் குனிந்து வெகுநேரம் பார்த்தார். கூரையையும் சுவரையும் பாராட்டினார். பிறகு ஆங்கிலத்தில், "ஆனால் இந்த அகலத்தில் ஆட்கள் படுத்துவிடுவார்கள். நடுவில் இரண்டு கைப்பிடி வைத்தால் போதும்" என்றார். மேசையில் கிடந்த ஒரு குச்சியை எடுத்து மேடைக்குக் குறுக்கே வைத்தார். அது படுத்திருந்த ஒருவரின் வயிற்றின் மேல் உட்கார்ந்தது.

அந்தக் கைப்பிடி எனக்குத் தெரியும். ஒப்பந்தக்காரரிடம் இருந்தபோது கல் இருக்கைகளில் துளை போட்டு, நடுவில் இரும்புக் கைப்பிடிகளை நானே முடுக்கியிருக்கிறேன். எதற்கு என்று அப்போது கேட்கவில்லை. கேட்கிற ஆளாகவும் நான் இல்லை.

குச்சியை எடுத்துக் கீழே வைத்தேன்.

"கைப்பிடி வராது, சார்." என் ஆங்கிலம் பட்டறைக்குப் போதும், அவ்வளவுதான். "படுக்கத்தான் இதைச் செய்தேன்."

"பொது இடத்தில் படுப்பதா?"

"ஆறு நாள் நின்று வேலை செய்தவர், சார். ஏழாவது நாள் எங்கே படுப்பார்?"

பின்னாலிருந்து அந்தத் தாதி மாணவி, "ஷிஃப்ட் முடிந்தால் நானும் எங்கேயாவது படுத்துவிடுவேன்" என்றாள். சிலர் சிரித்தார்கள். வந்தவர் சிரிக்கவில்லை.

"கைப்பிடி இல்லாமல் இதை என்னால் கூடத்துக்குப் பரிந்துரைக்க முடியாது."

"வேண்டாம், சார்."

எல்லோரும் போன பிறகு ஆசிரியை பட்டறைக்கு வந்தார். "ரெண்டு குச்சிதானே அண்ணே. ஒட்டிக் காட்டிட்டு அப்புறம் பிடுங்கியிருக்கலாமே?"

"உங்க ஸ்டூடண்ட் அப்படிச் செஞ்சா ஒத்துக்குவீங்களா?"

அவர் என்னைப் பார்த்துவிட்டு, "மாட்டேன்" என்றார்.

வீட்டில், போட்டோ எங்கே என்று மனைவி கேட்டாள். பட்டறை அலமாரியில், பசை டப்பாக்களுக்கு மேலே என் மாதிரிக் கட்டடம் இருக்கும் படத்தைக் காட்டினேன். பெரிதாக்கிப் பார்த்தாள். "இவங்க நல்லாத் தூங்குறாங்க" என்றாள்.

அது இன்னும் அங்கேதான் இருக்கிறது. ஆனால் ஆட்களை வெட்டும் தாளை மாற்றிவிட்டேன். நாற்பதுக்கு மேல் தாளில் இடமில்லை. அதனால் சைக்கிள் தள்ளுகிறவர்களையும் பை மாட்டியவர்களில் சிலரையும் எடுத்துவிட்டு, படுத்திருக்கும் ஆறு பேரைச் சேர்த்தேன். புதிதாக வருகிற மாணவர்கள், "அங்கிள், இது என்ன, ஆளு விழுந்து கிடக்கு?" என்று கேட்பார்கள். "தூங்குறாங்க. வேணாம்னா தூக்கிப் போடுங்க" என்பேன். சிலர் தூக்கிப் போடுகிறார்கள். சிலர் வைக்கிறார்கள்.

தாளை மாற்றச் சொல்லி இதுவரை யாரும் வரவில்லை. வந்தால் மாட்டேன் என்று சொல்வேன். ஒரு முறை சொல்லிவிட்டதால் நாக்கு இப்போது பழகிவிட்டது.