உள்ளங்கை அரித்தபோது

"புளியைக் கரைச்சு ஊத்தினீங்க. அப்புறம் என்ன போட்டீங்க?" என்று கேட்கிறார் அப்துல் சுக்கூர். பெஞ்சில் உட்கார்ந்திருக்கும் அம்மாள் கத்தரிக்காய் என்கிறாள். முழுசாகவா, நறுக்கியா என்று அடுத்த கேள்வி. தன் காலைக் கிழித்த துருப்பிடித்த தகரத்துக்கும் வீட்டுக் குழம்புக்கும் என்ன சம்பந்தம் என்று அவளுக்கு விளங்கவில்லை. ஆனாலும் சொல்லிக்கொண்டே போகிறாள்.

பாலக்கரையில் டாக்டர் அமிர்தசாமியின் வைத்தியசாலையில் சுக்கூர் பதினாறு வருஷமாகக் கம்பவுண்டர். மெலிந்த உடம்பு, காதோரம் நரை, மடித்துவிட்ட சட்டைக் கை. தெருவில் அவருக்கு 'வாயாடி பாய்' என்று பெயர். உண்மையில் அவர் யாருடைய கதையையும் கேட்பதில்லை. குரலைக் கேட்கிறார்.

துருவோ ஆணியோ கிழித்த புண்ணில் ரணஜன்னி, அதாவது டெட்டனஸ், வராமலிருக்கப் போடும் மருந்து குதிரையின் ரத்தத்திலிருந்து எடுப்பது. வெகு சிலருக்கு அது ஆகாது. ஆகாவிட்டால் நிமிஷக்கணக்கில் தொண்டைக்குள் வீங்கும், குரல் கம்மும், மூச்சு அடைக்கும். முன்பு ஒருவர் ஊசி போட்ட கையோடு எழுந்து போய், தெருமுனை சோடாக் கடை வாசலில் விழுந்தார். தூக்கி வருவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. அன்றிலிருந்து ஊசி போட்டுக்கொண்டவர் யாராயிருந்தாலும் அரைமணி நேரம் பெஞ்சை விட்டு நகரக் கூடாது.

முன்பே இதைப் போட்டவர்களுக்கும் குதிரை ஆகாதவர்களுக்கும் ஆபத்து அதிகம் என்பதால், ஊசிக்கு முன் இரண்டு கேள்விகள். இதே ஊசி முன்னால் போட்டதுண்டா? குதிரை பக்கத்தில் போனால் தும்மல், இழுப்பு வருமா? "எனக்கு எங்க பாய் வருது? என்னைக் கண்டாத்தான் குதிரைக்குத் தும்மல் வருது" என்றார் ஒரு ஜட்கா வண்டிக்காரர். சுக்கூர் வயிறு குலுங்கச் சிரித்தார். அரைமணியில் ஒரு நிமிஷம்கூடக் குறைக்கவில்லை.

சென்ற மாதம் துறையூர்ப் பக்கத்து விவசாயி வீரமலை வந்தார். காந்தி மார்க்கெட்டுக்கு வெங்காயம் ஏற்றி வந்த இடத்தில் வண்டி ஆணி பாதத்தில் ஏறிவிட்டது. கூடவே மனைவி மயிலம்மாள். இரண்டு கேள்விக்கும் இருவரும் சேர்ந்தாற்போல் "இல்லீங்க" என்றார்கள். டாக்டர் ஊசி போட்டுவிட்டு ஸ்ரீரங்கத்தில் ஒரு நோயாளியைப் பார்க்கப் புறப்பட்டார். பெட்ரோல் கிடைக்காத யுத்த காலம். குதிரை வண்டியில்தான் போனார்.

சுக்கூர் மாடு வாங்கின கதையைக் கேட்டார். வீரமலை உற்சாகமாக ஆரம்பித்தார். "துண்டுக்குள்ள கைய விட்டு விரலாலேயே விலை பேசினோம் பாய். தரகன் விரலைப் பிடிச்சேன், விடல..." சொல்லும்போதே உள்ளங்கையைப் பரபரவென்று சொறிந்தார்.

"பார்த்தியா, கை அரிக்குது. இன்னிக்குக் காசு வரும்" என்றாள் மயிலம்மாள். பெஞ்சில் இருந்தவர்கள் சிரித்தார்கள். "எங்களுக்கும் பங்கு வைங்க" என்றார் ஒருவர்.

சுக்கூர் சிரிக்கவில்லை. வீரமலையின் உதடு தடித்திருந்தது. கழுத்தில் திட்டுத் திட்டாய்ச் சிவப்பு. குரல், யாரோ கழுத்தைப் பிடித்தாற்போல் கம்மியிருந்தது.

"கொஞ்சம் வெளிய காத்தாட நின்னுட்டு வரேன்" என்று எழப் போனவரைத் தோளில் கை வைத்து அமுக்கினார் சுக்கூர். "எந்திரிக்காதீங்க தம்பி. அப்படியே படுங்க." கால்களை மருந்துப் பெட்டிமேல் தூக்கி வைத்தார். மயிலம்மாள் தண்ணீர்ச் செம்பை நீட்டினாள். "வேணாம் தங்கச்சி, இப்ப எதுவும் உள்ள போகக் கூடாது."

'நான் வரட்டும்னு காத்திருக்காதீங்க பாய்' என்பது டாக்டரின் நிரந்தர உத்தரவு. கொதிக்கவைத்த ஊசி தயாராயிருந்தது. சுக்கூர் வீக்கத்தை இறக்கும் அட்ரினலின் மருந்துக் குழாயின் கழுத்தை உடைத்தார். ஊசி கையில் இறங்கியபோதும் வீரமலையின் நெஞ்சுக்குள் விசில் ஊதுகிற சத்தம் கேட்டது.

"உண்மையச் சொல்லும்மா. முன்னாடி போட்டிருக்கா?"

மயிலம்மாளுக்கு வாய் கோணியது. "ரெண்டு வருசம் முன்ன மாடு முட்டினப்ப போட்டாங்க. ஒரு ஆளுக்கு ஒரு தடவதான் போடுவாங்கன்னு சந்தையில சொன்னாங்க. சொன்னா திருப்பி அனுப்பிடுவீங்கன்னு..." முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

சுக்கூர் திட்டவில்லை. நாடியைப் பிடித்தபடி கடிகாரத்தைப் பார்த்தார். அந்தப் பத்து நிமிஷத்தில் அவர் ஒரு கேள்வியும் கேட்கவில்லை. வீரமலையின் மூச்சு மெல்லச் சீரானது. பிறகு குனிந்து, "அந்த விரலை விட்டீங்களா இல்லையா தம்பி?" என்றார்.

"விடல பாய்." கரகரத்த குரல்தான். ஆனால் குரல்.

போன வீக்கம் திரும்பி வரலாம் என்று, சாயங்காலம் வரை அவர்களை அனுப்பவில்லை. டாக்டர் வந்து பார்த்த பிறகு, இனி இந்த ஊசி ஆகாது என்று ஒரு சீட்டு எழுதி நீட்டினார் சுக்கூர். மயிலம்மாள் வாங்கவில்லை.

"சீட்டு தொலைஞ்சிரும் பாய். இவரு கையிலேயே எழுதுங்க. குறத்தி வந்தா அதுமேலயே பச்சை குத்த வச்சிர்றேன்."

"பச்சை குத்துறது எங்கள்ல ஆகாது தங்கச்சி."

"உங்களுக்கா குத்தப் போறோம்? நீங்க எழுத மட்டும் எழுதுங்க."

சுக்கூர் சற்று யோசித்தார். பிறகு வீரமலையின் கையைத் தன் முழங்கால்மேல் இழுத்து வைத்து, பேனாவை மசியில் தோய்த்தார். 'குதிரை ஊசி ஆகாது' என்று ஒவ்வோர் எழுத்தையும் குண்டு குண்டாக எழுதி, மசி கலையாதபடி குனிந்து, மெதுவாக ஊதிக்கொண்டே இருந்தார்.