புளி போட்டுத் தேய்த்த கார்

கார் கழுவுகிறவன் எடுத்த எடுப்பில் காரைத் தொடக்கூடாது. முதலில் தண்ணீர்தான் தொடவேண்டும். மேலே படிந்த மண் தானாக வழிந்து இறங்கிய பிறகுதான் துணியை எடுக்கவேண்டும். தேவனாம்பட்டினம் கடற்கரைக்குப் போய்விட்டு வருகிற வண்டிகளில் கண்ணுக்குத் தெரியாத பொடிமணல் ஒட்டியிருக்கும். அதன்மேல் காய்ந்த துணியை ஒரு இழுப்பு இழுத்தால் அப்போதைக்கு ஒன்றும் தெரியாது. மறுநாள் வெயிலில் பார்த்தால் சிலந்தி வலை பின்னியதுபோலக் கோடு கோடாக இருக்கும். கறுப்பு வண்டியில் அது மறையவே மறையாது. கீழே விழுந்த துணியை நான் அன்றைக்கு மறுபடி எடுக்கமாட்டேன். வட்டமாகத் தேய்க்கமாட்டேன். வண்டி சூடாக இருந்தால் ஆறும்வரை நிழலில் நிறுத்திவிட்டுக் காத்திருப்பேன்.

நான் அஞ்சாம் வகுப்போடு நின்றவன். கடலூரிலிருந்து சிதம்பரம் போகிற ரோட்டில் ஒரு வாட்டர் சர்வீஸ் ஷெட்டில் வேலை. எனக்குப் பேச்சு வராது. யாராவது முகத்தைப் பார்த்து ஒன்று கேட்டால் தலை தானாகக் குனிந்துவிடும். என் மனைவியின் தம்பியும் அதே ஷெட்டில்தான் இருந்தான். வண்டிக்காரர்களிடம் பேசுவதெல்லாம் அவன் பொறுப்பு. நான் கழுவுவேன், அவன் சிரிக்கவைத்து அனுப்புவான். அது எங்களுக்குள் சரியாகத்தான் போய்க்கொண்டிருந்தது.

எங்களிடம் வழக்கமாக வருகிறவர்களில் ஒரு மண்டபத்துக்காரர் உண்டு. வீடு கடலூர் மஞ்சக்குப்பத்தில், கல்யாண மண்டபம் சிதம்பரத்தில். என்னைத் தவிர வேறு யாரையும் தன் வண்டியைத் தொடவிடமாட்டார். ஒருநாள் அவராகவே சொன்னார்.

"மண்டபத்துக்குப் பின்னால எடம் சும்மாதான்யா கெடக்கு. ஒரு ஷெட் போட்டுக்க. முகூர்த்தத்துக்கு வர்ற வண்டி பூரா அங்கதான நிக்குது? தண்ணியும் நம்ம கடலூரு உப்புத் தண்ணி கெடையாது. காஞ்சா புள்ளி விழாது."

எனக்குத் தலையை ஆட்டத்தான் முடிந்தது. மச்சான்தான் அவருக்கு நன்றி சொன்னான். நானும் மச்சானும் சேர்ந்து நடத்துவது என்று பேசிக்கொண்டோம்.

"போர்டுல யாரு பேரு மாமா போடலாம்? ஒங்க பேரப் போட்டா வர்ற வண்டியும் ஒங்களாட்டமே வெக்கப்பட்டுக்கிட்டு வாசல்லயே நின்னுடும்" என்றான். சிரித்தேன். என் வாழ்க்கையில் எனக்கென்று ஒரு இடம் அமையப்போகிறது என்று நான் நம்பிய ஒரே காலம் அது.

அதற்குக் கொஞ்சநாள் கழித்து மண்டபத்துக்காரர் புதிதாகக் கறுப்புக் கார் ஒன்று எடுத்தார். திருவந்திபுரம் பெருமாள் கோவிலில் பூஜை போட்டுக்கொண்டு வந்தார். பானெட்டில் அள்ளிப் பூசினதுபோலச் சந்தனம், அதன்மேல் குங்குமம். எங்கள் பக்கத்தில் வண்டிக்கு வைத்த பொட்டை யாரும் துடைக்கமாட்டார்கள். தானாக உதிரவேண்டும். நான் தயங்கித் தயங்கி, "வெயில்ல புடிச்சிக்குங்க" என்று சொல்லிப் பார்த்தேன். "பெருமாள் சன்னதியில வெச்சதுப்பா, இருக்கட்டும்" என்றார். ஒவ்வொரு தடவையும் அதைச் சுற்றிக் கழுவினேன். நாளாக ஆக அது மரப்பட்டை மாதிரி இறுகிப்போனது.

பிறகு அவருக்கே பார்க்கச் சகிக்கவில்லை. வெளியூர்ச் சம்பந்தி வருவதால் எடுத்துவிடச் சொல்லி வண்டியை ஷெட்டில் விட்டார். அன்றைக்குப் பார்த்து நான் ஒரு சாவுக்காகக் குறிஞ்சிப்பாடி போயிருந்தேன். மச்சான் போன் செய்தான்.

"ஈரத் துணிய மேல போட்டு ஊற விடு. அதுவா வுட்டுக்கும். தேய்க்காத" என்றேன்.

"சரி மாமா, சரி மாமா" என்றான்.

அவனுக்குக் காத்திருக்கப் பொறுமை இல்லை. வீட்டில் குத்துவிளக்கில் ஏறிய குங்குமக் கறையை எப்படி எடுப்பார்கள்? புளி போட்டு, தேங்காய் நாரால் அழுத்தித் தேய்ப்பார்கள். பித்தளை பளபளவென்று வரும். பூஜைக் கறைதானே, இதுவும் போகும் என்று நினைத்திருக்கிறான். டீக்கடையில் புளி வாங்கி வந்து தேய்த்துவிட்டான். கறை போய்விட்டது. கூடவே பளபளப்பும் போய்விட்டது.

நான் திரும்பி வந்தபோது மண்டபத்துக்காரர் அங்கே நின்றுகொண்டிருந்தார். பானெட் நடுவில் முறம் அகலத்துக்கு, பழைய சிலேட்டுப் பலகை மாதிரி வெளுத்திருந்தது. நான் வாயைத் திறப்பதற்குள் மச்சான் ஆரம்பித்தான்.

"மாமாதாங்க போன்ல புளி போட்டுத் தேய்டான்னாரு. நான் கேட்டனுங்க, வேணாமேன்னு. பெரியவரு சொல்றாரேன்னு செஞ்சிட்டேன். செஞ்ச கை என்னுது, மறைக்க மாட்டேன்."

அவர் என்னைப் பார்த்தார். "என்னப்பா?" என்றார்.

தரையைப் பார்த்து நின்றேன். மச்சானைப் பார்த்தேன். அவன் என் முகத்தைப் பார்க்காமல் பைப்பைச் சுருட்டிக்கொண்டிருந்தான். நான் பேசமாட்டேன் என்று அவனுக்குத் தெரியும். அதை நம்பித்தான் சொன்னான்.

"இவனாவது ஒளிக்காம சொல்றான்" என்று சொல்லிவிட்டு அவர் வண்டியை எடுத்துக்கொண்டு போனார்.

வீட்டில் நடந்ததைச் சொன்னேன். மனைவியிடம் எனக்குப் பேச்சு வரும். அவள் கேட்டுவிட்டுச் சொன்னாள்.

"அவனுக்குப் பொண்ணு பேசிக்கிட்டு இருக்காங்க. இப்பப் போயி நீங்க ஏதாவது சொல்லி வெச்சா அவன் பேரு கெட்டுடும். எடம் ரெண்டு பேருக்கும் சேத்துதான? எங்க போயிடப் போவுது?"

சரி என்று விட்டுவிட்டேன்.

மச்சான் ஷெட்டுக்கு வருவது குறைந்து, பிறகு நின்றது. கேட்டால் பொண்ணு வீட்டு வேலை என்றார்கள். ஒருநாள் கழுவ வண்டி கொண்டுவந்த ஒருவர் தன் போனைக் காட்டி, "ஒங்க மச்சான் தான?" என்றார். மண்டபத்துக்குப் பின்னால் புது ஷெட். வாழைமரம் கட்டியிருந்தது. மண்டபத்துக்காரர் ரிப்பன் வெட்டுகிறார், மச்சான் தட்டு பிடித்திருக்கிறான், பக்கத்தில் என் மாமனார், மாமியார்.

வீட்டுக்குப் போய்ச் சொன்னபோது மனைவி ஆச்சரியப்படவில்லை. "சொன்னா நீங்க மனசு கஷ்டப்படுவீங்கன்னுதான் சொல்லல" என்றாள். சோறு போட்டுக்கொண்டே சொன்னாள்.

மச்சான் கல்யாணம் அதே மண்டபத்தில்தான் நடந்தது. அக்கா புருஷன் நான், போகாமல் இருக்க முடியாது. ரிசப்ஷனில் போட்டோவுக்கு மேடையேறினோம். கோட்டு போட்டிருந்தான். என் தோளில் கைபோட்டு, "மாமா, ஷெட்டுல ஆளு பத்தல, வேலை ஜாஸ்தி. நீங்க வந்துடுங்க. வர்றப்ப புளி மட்டும் எடுத்துக்கிட்டு வராதீங்க" என்றான். மேடையில் இருந்தவர்கள் எல்லோரும் சிரித்தார்கள். எல்லோருக்கும் அந்தக் கதை தெரிந்திருந்தது. என் மனைவியும் போட்டோக்காரனைப் பார்த்துச் சிரித்தாள்.

இறங்கி வெளியே வந்தேன். வாசலில் மண்டபத்துக்காரர் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். அவர் முன்னால் போய் நின்றேன். இந்தத் தடவை நானாகவே சொன்னேன்.

"புளி போடச் சொன்னது நான் இல்லீங்க. ஊற வெக்கத்தாங்க சொன்னேன்."

அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். கோபமில்லை.

"அது எனக்கு அன்னிக்கே தெரியும்ப்பா. ஒன் கையில கீழ வுழுந்த துணி கூட வண்டி மேல படாது. நீ போயி புளி போடச் சொல்லுவியா?"

"பின்ன ஏங்க?"

"கழுவுறதுக்கு மட்டும்னா ஒன்னத்தான் வெச்சிருப்பேன். வர்றவங்கிட்டப் பேசணும், பத்து வண்டியப் புடிக்கணும். பொய்யச் சொல்லி ஒருத்தன் நிக்கிறான், நெசம் தெரிஞ்ச நீ தரையப் பாக்குற. நான் யாருகிட்ட எடத்தக் குடுக்க? உள்ள போயி சாப்புடு, பந்தி முடிஞ்சிடப் போவுது."

நான் சாப்பிடவில்லை. மனைவியிடமும் சொல்லிக்கொள்ளவில்லை. கடலூர் பஸ் ஏறினேன்.

இன்னும் பழைய ஷெட்டில்தான் இருக்கிறேன். வேலை முறை ஒன்று மட்டும் மாறியிருக்கிறது. வண்டியை விட்டுவிட்டுப் போகிறேன் என்று யார் சொன்னாலும் ஒத்துக்கொள்வதில்லை. ஒரு நாற்காலி போட்டு, கழுவி முடிக்கும்வரை இருக்கச் சொல்கிறேன். துடைத்து முடித்ததும் வண்டியைச் சுற்றிக் கூட்டிக்கொண்டு போய், எல்லாப் பக்கமும் பார்க்கச் சொல்கிறேன். "நம்பிக்கை இல்லாமலா வர்றோம்?" என்று சிலர் கேட்கிறார்கள். நாற்காலியை நிழலுக்கு நகர்த்திப் போடுகிறேன்.