பீப்பாயில் நின்ற தோப்பு

பின்னறையில் இருந்து ‘சர்ர்ர்’ என்று ஒரு சத்தம். அடுத்த நொடி ‘டக்’.

அடுப்படியில் தேத்தண்ணி வடித்துக்கொண்டிருந்த கிருஷ்ணகுமாரியின் கை நின்றுவிட்டது. இழுத்து அளந்த இரும்பு நாடா தன் பெட்டிக்குள் திரும்பி ஓடுகிற சத்தம் அது. வீட்டுக்காரி ஸுமைரா ராத்தா இந்த வாடகை வீட்டைப் பார்த்துப்போக வருவது புதிதல்ல. அளவு நாடாவோடு வந்தது இதுதான் முதல் தடவை.

எதை அளக்கிறார்? பின்னறைக்கு அப்பால் இருப்பது ஒன்றே ஒன்றுதான். குமாரியின் தோப்பு.

தோப்பு என்றால் மாவனல்லைக்குப் புதியவர்கள் சிரிப்பார்கள். கண்டி வீதியில் பஸ்கள் ஹோன் அடித்துக்கொண்டு ஓட, ஓரத்துக் கடைகளுக்குப் பின்னால், மூன்று பக்கமும் மாடிச் சுவர் எழுந்த ஒரு துண்டு நிலம். குமாரி குடிவந்தபோது அங்கே உடைந்த ஓடும் சீமெந்துக் கட்டியும்தான் கிடந்தன. இப்போது போய்ப் பார்க்க வேண்டும்! நீலப் பீப்பாய்களில் ரம்புட்டான், எலுமிச்சை, கொய்யா, மாதுளை. உரப்பைகளில் மிளகாயும் கத்தரியும். பழைய பேசின் நிறைய வல்லாரை. சுவரை மூடிய பெஷன் பழக் கொடியில் தேனீக்கள் காலையிலேயே வேலையைத் தொடங்கிவிடும். மூலையில், எல்லாவற்றுக்கும் மேலே கைகளை விரித்தபடி, இன்னும் காய்க்காத ஓர் ஈரப்பலா.

இத்தனையும் ஒருத்தியின் உழைப்பு. றப்பர் தோட்டத்தில் பால் வெட்டியவள் அவள். மரங்கள் கிழடாகி, வேலை நாட்கள் குறைந்து, அடுப்பு புகையாத நிலை வந்தபோது கணவன் யோகராஜோடு பட்டணத்துக்கு இறங்கி வந்தாள். அவன் முச்சக்கர வண்டி ஓட்டினான். அவள் ஒரு சாப்பாட்டுக் கடையில் காய்கறி வெட்டப் போனாள். வேலை முடிந்தால் மற்றவர்கள் கறிப் பார்சல் கொண்டு போவார்கள். குமாரி தோல் கொண்டு போவாள். பூசணித் தோல், வாழைத் தோல், முட்டைக் கோது எல்லாம் பின்பக்கம் மக்கி, கரிய மண்ணாகும். அந்த மண்ணில் அவள் ஊன்றிய எதுவும் அவளை ஏமாற்றியதில்லை.

பக்கத்து மாடியில் இருக்கும் சிங்கள நோனா, “குமாரி, கொட்டுகொல டிக்கக்!” என்று கூவியபடி கயிற்றில் கூடையை இறக்குவார். வல்லாரையோடு கூடை மேலே போகும். மறுநாள் அதே கூடையில் பாற்சோற்றுத் துண்டு இறங்கும். சந்தை விலை ஏறி ஊரே புலம்பிய நாட்களில், அந்தக் குறுகிய ஒழுங்கையில் எந்த வீட்டிலும் கீரை இல்லாத சட்டி கிடையாது. காரணம் அந்த ஒருத்தி.

“குமாரி, இங்க கொஞ்சம் வா புள்ள.”

தேத்தண்ணிக் கோப்பையோடு போனாள். ஸுமைரா முக்காட்டைச் சரிசெய்தபடி, அவள் முகத்தைப் பார்க்காமல் பேசினார்.

“மகன் நுஹ்மான் வேன் எடுத்திருக்கான். நிப்பாட்ட எடமில்ல. இதுக்கு சீமெந்து போடணும் எண்டு ஒத்தக் கால்ல நிக்கிறான். அளந்து வாங்க எண்டான்.”

கோப்பையைப் பின்வாசற்படியில் வைத்தாள். “மரமெல்லாம் இருக்கே ராத்தா…”

“அதுக்கென்ன? எல்லாம் பீப்பாயிலதானே ஈக்குது? அவனும் அதத்தான் சென்னான். ‘உம்மா, அது தூக்கிட்டுப் போற சாமான்தானே’ எண்டு.”

சாமான்! நெஞ்சில் யாரோ குத்தியது போல இருந்தது குமாரிக்கு. ஆனால் அதைச் சாமானாக வைத்தவள் அவள்தானே?

தோட்டத்து வரிசை வீடுகளில், லயத்தில், வாழ்ந்தவர்கள் பழகிய பழக்கம் அது. அவளுடைய அப்பா ஐயாவு, ஒரு காலத்தில் லயத்து வாசலில் பலாக்கன்று ஒன்று வைத்தார். அது முதல் பிஞ்சு விட்ட வருஷம் தோட்டத்து ரோட்டை அகலமாக்க வந்தார்கள். மரம் யார் வைத்தது என்று ஒருவரும் கேட்கவில்லை. மண் தோட்டத்துடையது, ஆகவே மரமும் தோட்டத்துடையது. கோடரி விழுந்தது. அன்றிலிருந்து அந்த வாசலில் சில மாதத்தில் பிடுங்கித் தின்னக்கூடியதைத் தவிர வேறெதையும் அவர் ஊன்றவில்லை. மகளும் பிறர் மண்ணில் மரம் ஊன்றவில்லை.

“யோகராஜ் தம்பி, அந்த மூலைப் பீப்பாயக் கொஞ்சம் தள்ளுங்க. சுவர் வரைக்கும் அளக்க ஏலாம ஈக்குது.”

பின்பக்கம் வந்து நின்ற யோகராஜ் சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு ஈரப்பலாப் பீப்பாயைக் கட்டிப்பிடித்தான். முக்கினான். அது அசையவில்லை.

“பலமாத் தள்ளுங்களேன்,” என்றாள் குமாரி, அழுகையை அடக்கிக்கொண்டு.

“பலமாத்தான் தள்றேன். பின்னவலைக்குப் போய் ஒரு ஆனையக் கூட்டிட்டு வா!”

ஸுமைராவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. “காலையில ஒண்டும் திங்கலயா தம்பி?”

“எங்க ராத்தா? நல்ல சோறெல்லாம் இந்த மரத்துக்குத்தான். எனக்கு மிஞ்சினதுதான்.”

இரும்பு அலவாங்கை எடுத்து வந்து அடியில் கொடுத்து ஒரே அமுக்காக அமுக்கினான்.

படார்!

பீப்பாய் மேலிருந்து கீழ்வரை பிளந்தது. கரிய மண் சரிந்து கொட்டியது. உள்ளே மணிக்கட்டுப் பருமனில் வேர்கள். தண்ணீர் வடியப் போட்ட ஓட்டைகளைப் பிய்த்துக்கொண்டு அவை நிலத்துக்குள் இறங்கியிருந்தன. சுவர் ஓரத்தில், நிலத்தடி வேரில் இருந்து, ஒரு சின்ன ஈரப்பலாக் கன்றும் தலை நீட்டியிருந்தது.

குமாரி அப்படியே முழங்காலில் விழுந்தாள்.

“மன்னிச்சிருங்க ராத்தா! சத்தியமா எனக்குத் தெரியாது. நான் மண்ணுல வைக்கல. அதுவா எறங்கிருச்சு.”

திருடி அகப்பட்ட பிள்ளைக்காக மன்றாடும் தாயைப் போல அவள் அந்த மரத்துக்காக மன்றாடினாள். ஸுமைரா திகைத்துப்போனார்.

“நீ வந்த அண்டைக்கே, விரும்பினத நட்டுக்கோ எண்டு சென்னேனே! ஏன் எல்லாத்தையும் பீப்பாயில வச்ச?”

“உங்க மண்ணு ராத்தா.” அவள் விம்மினாள். “வேர் விட்டா பாசம் வந்துரும். அப்புறம் எடுன்னா எடுக்க முடியாதுங்க.”

“இப்ப எடு எண்டா?”

குமாரி பிளந்து கிடந்த பீப்பாயைப் பார்த்தாள். கண்ணீரைத் துடைத்துக்கொண்டு எழுந்து நின்றாள்.

“முடியாதுங்க ராத்தா.”

யோகராஜ் அலவாங்கைக் கீழே போட்டான். தோட்டத்துக் கங்காணியிடம் அரை நாள் லீவு கேட்கக்கூட வாய் திறக்காதவள் அவன் மனைவி.

“வீட்டக் கேட்டீங்கன்னா ஒரு வார்த்த பேசாமக் குடுத்துர்றோம். ஆனா இந்த மண்ண இதுகளுக்குக் குடுங்க. நாங்க இருந்தாலும் இல்லாட்டியும் இதுக இங்க நிக்கட்டும். என் வாழ்க்கையில யார்கிட்டயும் ஒரு சாண் மண்ணு கேட்டதில்ல. இப்ப கேக்குறேன்.”

 ஸுமைரா வாசற்படியில் மெதுவாக உட்கார்ந்தார். ஆறிப்போன தேத்தண்ணியை எடுத்துக் குடித்தார்.

“இதக் கேக்க ஒனக்கு இவ்வளவு காலமா புள்ள? பீப்பாயில ஈக்கிய வரைக்கும் அவனுக்கு அது சாமான். நான் என்னத்தச் சென்னு மறிக்க? நிலத்துல நிக்கிற மரத்த வெட்ட அவனுக்குக் கை வராது. அவன்ட வாப்பாட வளர்ப்பு அப்பிடி.”

“அப்ப வேன்?” என்றான் யோகராஜ்.

“ஒழுங்கையில நிக்கட்டும். மழையில கரைஞ்சா போகும்? அவன் கத்தினா நான் பாத்துக்கிறன். அந்திக்கு அவன் வார முந்தி எல்லாத்தையும் மண்ணுல எறக்குங்க.”

யோகராஜ் குழி வெட்டினான். குமாரி பீப்பாய்களை அறுத்து, வேர் நோகாமல் மரங்களைத் தூக்கி இறக்கினாள். கொய்யா, மாதுளை, எலுமிச்சை. ரம்புட்டானின் முறை வந்தபோது, கோடரி விழுந்த அப்பாவின் பலாமரம் அவள் நினைவுக்கு வந்தது. ரம்புட்டானின் அடியில் மண்ணைத் தள்ளி மிதிக்க நெடுநேரம் காலே வரவில்லை. ஸுமைரா படியில் இருந்தபடியே, “இன்னும் கொஞ்சம் ஆழமா வெட்டுங்க தம்பி, ஆட்டுக்கல்லா பொதைக்கிறீங்க?” என்று அதட்டிக்கொண்டிருந்தார்.

வெயில் சாய்ந்தபோது அவர் எழுந்தார். செருப்பை மாட்டியவர், வாசலில் நின்று திரும்பினார்.

“ஈரப்பலா காய்ச்சா முதல் காய் எனக்கு. தேங்காப்பால்ல ஆக்கணும், கேட்டியா? தண்ணியா ஈந்தா திருப்பி அனுப்புவேன்.”

“நானே ஆக்கிக் கொண்டாந்து தர்றேங்க ராத்தா.”

“சரி, கதவச் சாத்து. நுளம்பு கடிக்க வருது.”

அவர் ஒழுங்கை முனையில் திரும்பி மறையும்வரை குமாரி பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு, மண் ஒட்டிய கையாலேயே கதவைச் சாத்தினாள்.