எடுத்து வைத்த கடைசி எபிசோடு

என் மைத்துனனை எல்லோரும் டோப்பா என்றுதான் கூப்பிடுகிறார்கள். அவன் தலையில் முடி இல்லாமல் இல்லை. எனக்கு இருப்பதைவிட நன்றாகவே இருக்கிறது. தொடர்களில் நடிப்பவர்களுக்கு டோப்பா செய்வது அவன் தொழில். மெல்லிய வலைத் தொப்பியில் ஒவ்வொரு முடியாகக் கொக்கி ஊசியால் இழுத்து முடிச்சுப் போடுவான். ஒரு தலை முடிய வாரக்கணக்கில் ஆகும். முதன்முதலில் அதைப் பார்த்தபோது, "முடிய வெச்சுப் பிழைக்கிறவனப் பாத்திருக்கேன் மாப்ள, முடி முடியாப் பிழைக்கிறவன இப்பதான் பாக்கறேன்" என்றேன். அவன் சிரிக்கவில்லை. என் நகைச்சுவைக்கு என் வீட்டிலேயே மார்க்கெட் கிடையாது. நான் ஆணி, பூட்டு, தாழ்ப்பாள் விற்கிறவன். அதற்காவது ஆள் வருகிறது.

என் மனைவிக்கு அவன் ஒரே தம்பி. அம்மா சீக்கிரம் போய்விட்டதால் அவள்தான் அவனுக்குத் தலை வாரி, சாதம் ஊட்டி, பள்ளிக்கூடம் அனுப்பி வளர்த்தாள். லாரி ஓட்டிய என் மாமனார், "ஸ்டியரிங் பிடிக்க வேண்டிய கையில சீப்பப் பிடிக்கிறான்" என்று கடைசி வரை அலுத்துக்கொண்டார். அப்போதெல்லாம் தம்பிக்காக அப்பாவிடம் மல்லுக்கு நின்றவள் இவள்தான். அவன் கல்யாண விஷயத்தில்தான் எல்லாம் மாட்டிக்கொண்டது.

இவள் பெண் பார்த்துக்கொண்டே இருந்தாள். அவனும் ஒவ்வொரு போட்டோவையும் பார்த்து, "நல்ல பொண்ணுதாக்கா. பாவம், அது வாழ்க்கைய நாம ஏன் கெடுக்கணும்?" என்று திருப்பிக் கொடுத்துக்கொண்டே இருந்தான். ஒருநாள் சமையலறையில் வைத்து விஷயத்தை நேராகச் சொல்லிவிட்டான். எனக்குப் பெண் மேல் ஆசை இல்லை, நான் வாழ்வது இன்னாரோடு, அவர் என் நண்பர் மட்டும் இல்லை என்று. நான் வெளியே அலமாரிக்குத் திருகாணி முடுக்கிக்கொண்டிருந்தேன். ஏதாவது உடையும் என்று காத்திருந்தேன். "பால் பொங்குது" என்று மட்டும் சொல்லி அவள் அடுப்பைக் குறைத்தாள். அதன் பிறகு பெண் பார்ப்பதும் நின்றது, அந்தப் பேச்சும் நின்றது.

அந்த இன்னார் லிப்ட் ரிப்பேர் செய்கிறவர். எந்தக் கட்டடத்துக்குள் போனாலும் முதலில் மேலே பார்க்கிற மனிதர். பேச்சு குறைவு. எனக்கு வயிற்றில் ஆபரேஷன் ஆனபோது டோப்பாவுக்குப் படப்பிடிப்பு. இவர்தான் கட்டிலுக்குப் பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து, எனக்குச் சலைன் பாட்டில் தீரும்போதெல்லாம் நர்ஸைக் கூப்பிட்டார். இருவரும் ஒரே வீட்டில் பத்துப் பன்னிரண்டு வருஷமாக இருக்கிறார்கள். ஆனால் என் மனைவிக்கு அவர் "உன் கூட இருக்கறவரு". எல்லோருக்கும் ஒரு முறை வைத்துக் கூப்பிடுகிற குடும்பம் எங்களுடையது. பால்காரரே எங்களுக்கு அண்ணன். இந்த ஒரு மனிதருக்கு மட்டும் முறை அகப்படவில்லை. டிபன் கேரியர் இரண்டு பேருக்கு நிரம்பிப் போகும். "வீட்டுக்கு வா" என்பது ஒருவனுக்குத்தான் போகும்.

எங்கள் மகளுக்கு வேலை கிடைத்ததற்கு ஒரு விருந்து வைத்தோம். உறவுக்கூட்டம் மொத்தமும் வந்தது. தாய்மாமனைக் காணோம். இவள் வாசலுக்கும் கூடத்துக்கும் நடந்து நடந்து கால் தேய்ந்தாள். எல்லோரும் போன பிறகு கதவைச் சாத்தப் போனால், படியில் ஒரு பை நிறைய ஆரஞ்சு. யாரோ மறந்து வைத்துவிட்டார்கள் என்று எடுத்து வந்தோம். தம்பி வராத கோபத்தில் அவள் ஒரு சுளைகூடத் தொடவில்லை. வீணாகக் கூடாதே என்று நான்தான் தின்றேன்.

இந்த நிலையில்தான் சலவைக்கடைத் தொடர் வந்தது. ஒரு பெரிய ஓடிடி கம்பெனிக்காக எடுத்த நகைச்சுவைத் தொடர். நடுவயது ஆண்கள் இருவர் சேர்ந்து சலவைக்கடை நடத்துகிறார்கள், சேர்ந்து வாழ்கிறார்கள், நாள் முழுக்கச் சண்டை போடுகிறார்கள். அதில் ஒருவருக்கு வழுக்கை. ஊருக்கு எல்லாம் தெரியும், வழுக்கை மட்டும் தெரியக் கூடாது. அதனால் டோப்பாவுக்கு வேலை அதிகம். காய்ந்த தலைக்கு ஒன்று, நனைந்த தலைக்கு ஒன்று, தூங்கி எழுந்த தலைக்கு ஒன்று. எழுத்தாளர் ஒரு சின்னப் பெண். மேக்கப் அறையில் அவன் பக்கத்தில் உட்கார்ந்து, "உங்க வீட்ல எதுக்குச் சண்டை வரும்?" என்று கேட்டுக் கேட்டு எழுதினாளாம். "இத்தனை வருஷத்துல என்னைப் பத்தி யாரும் ஒண்ணும் கேட்டதில்ல மாமா" என்று என் கடையில் உட்கார்ந்து சொன்னான். அவ்வளவு சந்தோஷமாக நான் அவனைப் பார்த்ததில்லை.

என் மனைவி அதைப் பார்க்க ஆரம்பித்தது தம்பியின் பெயருக்காக. பெயர் கடைசியில்தான் வரும். அது வருவதற்குள் அந்த ஆப் அடுத்த எபிசோடுக்குத் தாவிவிடும். இவள் ரிமோட்டைக் கையில் பிடித்துக்கொண்டு பூனை போலக் காத்திருப்பாள். முதல் எபிசோடில் "கருமம்" என்றாள். இரண்டாவதில் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். மூன்றாவதில் எதிர்வீட்டு டீச்சரும் மாடிவீட்டு நர்ஸும் வந்து உட்கார்ந்துவிட்டார்கள். ஈரத் துண்டைக் கட்டிலில் போடுகிற அந்த வழுக்கைக்காரரைப் பார்த்து, "இவன் வந்து வாய்ச்சானே அந்த மனுஷனுக்கு, என்ன பாவம் பண்ணினானோ!" என்று திட்டினாள். சொல்லும்போது என்னையும் ஒரு பார்வை பார்த்தாள். ஒரு ஜோடியைத் திட்டுகிற மாதிரிதான் திட்டினாள். அவளுக்கே அது தெரிந்ததா என்று தெரியவில்லை.

கடைசி எபிசோடுக்கு முன்னால் டிவியை அணைத்தாள். "இத தம்பியோட உக்காந்துதான் பாக்கணும். அதுவரைக்கும் நீங்களும் பாக்கக் கூடாது" என்று டீச்சரிடமும் நர்ஸிடமும் சத்தியம் வாங்காத குறை. தம்பிக்குப் போன் செய்தாள்.

"கடைசி எபிசோட எடுத்து வெச்சிருக்கேன்டா. நீ வா, சேர்ந்து பாக்கலாம்."

"நாங்க எப்பக்கா வரட்டும்?"

ஸ்பீக்கரில் நானும் கேட்டேன். 'நான்' இல்லை, 'நாங்க'. இவள் ரிமோட்டைக் கீழே வைத்தாள். பிறகு, "உனக்கு எப்ப ஓய்வோ அப்ப வா" என்றாள்.

அவனுக்கு ஓய்வே கிடைக்கவில்லை. இவளும் பிடிவாதமாகப் பார்க்கவில்லை. அக்காவும் தம்பியும் பாசத்தில் ஒரே அச்சு, வீம்பிலும் அதே அச்சு. டிவியைப் போட்டால் அந்தச் சலவைக்கடைப் படம் வந்து, 'தொடர்ந்து பார்க்க' என்று கேட்கும். தாண்டிப் போய் செய்தி பார்ப்பாள். வாரங்கள் ஓடின.

ஒரு மத்தியானம் டோப்பா கடைக்கு வந்தான். ஸ்டூலில் உட்காராமல் நின்றான்.

"நின்னுடுச்சு மாமா. அடுத்த சீசன் கிடையாதாம்."

"ஏன்டா? நல்லா இல்லையாமா?"

"நல்லா இல்லன்னு யாருமே சொல்லல. எத்தனை பேர் ஆரம்பிச்சாங்க, முதல் சில வாரத்துக்குள்ள எத்தனை பேர் கடைசி எபிசோட முடிச்சாங்க, அதத்தான் பாப்பாங்களாம். நம்மளத ஆரம்பிச்சவங்க நிறைய. முடிச்சவங்க கம்மி." மேஜை மேலிருந்த தாழ்ப்பாளைத் தள்ளித் தள்ளி மூடினான். "விளம்பரம் கிடையாது. ஆப்ல அடியில தனியா ஒரு வரிசை போட்டு அதுல தள்ளிட்டாங்க. எங்கள மாதிரி ஆளுங்க பாதிப்பேர் வேற யார் கணக்குலயோ ஒளிஞ்சு பாக்கறான். வீட்ல யாராவது வந்தா டக்குனு நிறுத்திடறான். மெஷினப் பொறுத்தவரைக்கும் அவன் பிடிக்காம எழுந்து போனவன். போலீஸ் தொடர் ஒண்ணு இதே மாதிரி சுமாராத்தான் ஓடிச்சு. அதுக்கு மட்டும், ஜனங்களுக்குப் பழகட்டும்னு இன்னொரு சீசன். எங்களுக்கு, 'அதான் ஒண்ணு பண்ணியாச்சே'ங்கறாங்க."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. நானும் வியாபாரிதான். ஒரு பூட்டைக் கோணிப்பைக்குக் கீழே போட்டு வைத்துவிட்டு, அது விற்கவே இல்லை என்று நான் சொன்னால் என் பெண்டாட்டியே சிரிப்பாள். கோட்டு போட்டவன் சொன்னால் அதற்குப் பெயர் புள்ளிவிவரம்.

"டோப்பா எல்லாத்தையும் பெட்டியில போட்டுத் திருப்பி அனுப்பிட்டாங்க. தூங்கி எழுந்த தலைய மட்டும் போலீஸ் தொடருக்குக் கேட்டிருக்காங்க. பிணத்துக்கு வைக்கிறதுக்கு" என்றான். பிறகு மெதுவாக, "அக்கா கடைசி எபிசோட பாத்துட்டாளா மாமா?"

"உனக்காக எடுத்து வெச்சிருக்கா. இன்னும் பாக்கல."

அவன் என்னையே பார்த்தான். சிரிக்கிறானா அழுகிறானா என்று பிடிபடாத முகம். "அவ பாக்கணும்னுதான் அந்தப் பொண்ணு அத எழுதவே ஒத்துக்கிட்டேன்" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டான்.

வீட்டுக்கு வந்து இவளிடம் ஒன்று விடாமல் சொன்னேன். காய் நறுக்கிக்கொண்டிருந்தவள் கத்தியைக் கீழே வைத்தாள்.

"முடிக்காதவங்க கணக்குல நானும் இருக்கேனா?"

"நீ மட்டுமா? டீச்சர், நர்ஸ், எல்லாரும்."

"ஆசையாத்தானே எடுத்து வெச்சேன்!"

"அது மெஷினுக்குத் தெரியாதுல்ல."

உடனே தம்பியைக் கூப்பிட்டாள். "டேய், என்னாலதான் நின்னுச்சா?"

"நீ ஒருத்தி பாக்காததாலயா நிக்கும்? போக்கா" என்றான் அவன். "ஆனா வீட்டுக்கு வீடு ஒரு அக்கா இருந்திருப்பாளோ என்னவோ."

போனை வைத்துவிட்டுச் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தாள். கண்ணிலிருந்து தண்ணீர் நிற்கவில்லை. வெங்காயம் இன்னும் நறுக்கவே இல்லை. பிறகு முந்தானையால் முகத்தை அழுத்தித் துடைத்துக்கொண்டு, "அவர் நம்பர் உங்ககிட்ட இருக்குமே, ஆஸ்பத்திரியில வாங்கினது. போட்டுக் குடுங்க" என்றாள். யார் நம்பர் என்று நான் கேட்கவில்லை.

"நான்தான், அவனோட அக்கா பேசறேன்" என்று ஆரம்பித்தாள். அந்தப் பக்கம் லிப்ட்காரர் என்னவோ தடுமாறினார். "ஒண்ணும் ஆகல, எல்லாரும் நல்லா இருக்கோம். ஞாயித்துக்கிழமை ரெண்டு பேரும் சாப்பிட வாங்க. அவன்கிட்ட நான் சொல்லல. நீங்களே கூட்டிட்டு வந்துடுங்க." இத்தனை வருஷம் தொண்டையில் நின்ற பேச்சு, மளிகைச் சாமான் சொல்கிற நேரத்தில் முடிந்துவிட்டது.

ஞாயிற்றுக்கிழமை வந்தார்கள். லிப்ட்காரர் சட்டையை இஸ்திரி போட்டு, கழுத்துப் பட்டன் வரை மாட்டியிருந்தார். சாப்பிடும்போது இவள் அவர் இலையையே பார்த்துக்கொண்டிருந்தாள். பாவம், போதும் என்று சொல்லத் தெரியாமல் மூன்று பேர் சாப்பாடு சாப்பிட்டார். சாயங்காலம் டீச்சரும் நர்ஸும் வந்தார்கள். சோபாவில் தம்பி பக்கத்தில் உட்கார்ந்திருந்த புது மனிதரை டீச்சர் கண்ணாலேயே அளந்தார். தொடரை இன்னும் ஆப்பிலிருந்து எடுக்கவில்லை. இவள் கடைசி எபிசோடைப் போட்டாள்.

எல்லோரும் நன்றாகச் சிரித்தோம், கடைசிக் காட்சி வரை. அதில் சலவைக்கடைக்காரர்கள் இருவரும் புதுச்சட்டை போட்டுக்கொண்டு ஒரு வீட்டு வாசலில் நிற்கிறார்கள். ஒருவரின் அக்கா வீடு. உள்ளே உறவுக்கூட்டத்தின் பேச்சும் சிரிப்பும். பெல்லுக்கு மேல் விரல் போகிறது, நிற்கிறது. 'உன்னை மட்டும்தானே கூப்பிட்டாங்க' என்கிறார் மற்றவர். விரல் இறங்குகிறது. கையிலிருந்த பையைப் படியில் வைக்கிறார்கள். பை நிறைய ஆரஞ்சு. படியிறங்கி நடக்கிறார்கள். பின்னால் கதவு திறக்கிற சத்தம். இருவரும் திரும்புகிறார்கள். அவ்வளவுதான், முடிந்துவிட்டது.

பெயர்கள் ஓட ஆரம்பித்தன. இவள் ரிமோட்டை எடுக்கவில்லை. தம்பி பக்கம் திரும்பினாள்.

"டேய், அந்தப் பை..."

"ஆமாக்கா."

"வந்தீங்களா? வாசல் வரைக்கும் வந்தீங்களா?"

அவன் தலையை மட்டும் ஆட்டினான். லிப்ட்காரர் தரையைப் பார்த்தார். "பழம் நல்லா இருந்துச்சு" என்று நான் சொல்லிவைத்தேன். ஏதாவது சொல்ல வேண்டுமே.

டீச்சருக்கு இதெல்லாம் ஒன்றும் தெரியாது. "அப்புறம்? அந்த அக்கா உள்ள கூப்பிட்டாளா, இல்லையா?"

"தெரியாது டீச்சர்" என்றான் டோப்பா. "அடுத்த சீசன்ல வர்றதா இருந்துச்சு. எழுத்தாளர் என்கிட்டதான் கேட்டாங்க, அக்கா என்ன சொல்லுவாங்கன்னு. அவ பாத்த பிறகு சொல்றேன்னு சொல்லியிருந்தேன். அதுக்குள்ள நிறுத்திட்டாங்க."

"கூப்பிட்டா" என்றாள் என் மனைவி. குரல் உடைந்திருந்தது. "ரொம்ப லேட்டு. ஆனா கூப்பிட்டா." எழுந்து நின்றாள். "டீச்சர், இவர் யாருன்னு கேக்கணும்னு வந்ததுலருந்து தவிச்சிட்டிருக்கீங்க. எங்க வீட்டுக்காரருக்கு இவர் சகலை."

டீச்சர் என்னைப் பார்த்தார், அவரைப் பார்த்தார். பிறகு இவளிடம் கேட்டார்: "உங்களுக்குத் தங்கச்சி இருக்காங்களா?"

"இல்ல. தம்பி மட்டும்தான்."

டீச்சர் மனக்கணக்குப் போட்டுக்கொண்டிருக்கும்போதே நர்ஸுக்கு விடை வந்துவிட்டது. "அப்ப சகலைக்கு முதல்ல காபி குடுங்க" என்றார். டீச்சருக்கும் வந்து சேர்ந்தது. "ஓ" என்றார். பிறகு, "எனக்குச் சக்கரை கம்மியா" என்றார்.

லிப்ட்காரர் கண்ணை மறைத்துக்கொள்ளவோ என்னவோ, சட்டென்று எழுந்து காலித் தண்ணீர் டம்ளர்களைப் பொறுக்க ஆரம்பித்தார். நான் அவர் கையைப் பிடித்து உட்கார வைத்தேன்.

"உக்காருங்க சகலை. இந்த வீட்டு மாப்பிள்ளைங்க வேலை செய்ய ஆரம்பிச்சா, நாளைக்கு என்னையும் செய்யச் சொல்லுவாங்க."

டோப்பா சிரித்தான். என் நகைச்சுவைக்கு அவன் சிரித்தது அதுதான் முதல் தடவை. சிரித்துக்கொண்டே அக்காவின் முந்தானையை இழுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டான்.