வெடித்த கை

செங்கல்பட்டில் ஒரு குழந்தைகள் காப்பகத்தில் எனக்கு வேலை. அப்பா அம்மா ஆபீஸ் போகும்போது விட்டுவிட்டுப் போகிற பிள்ளைகள்; எல்லாம் மூன்று வயதுக்குள். டயப்பர் மாற்றினால் சோப்புப் போட்டுக் கை கழுவ வேண்டும், மூக்கைத் துடைத்தால் கழுவ வேண்டும், சோறு ஊட்டும் முன் கழுவ வேண்டும். இதையெல்லாம் கண்காணிக்கும் பெரிய மனுஷி நான்தான். விரலிடுக்கு, நகக்கண், கட்டைவிரல் என்று புதிதாக வருகிறவர்களுக்குச் செய்து காட்டுவேன். யாராவது அவசரத்தில் நனைத்துவிட்டு ஓடினால், "இன்னா, கோயில் தீர்த்தமா இது, தெளிச்சிகினு போறதுக்கு?" என்று மானத்தை வாங்கிவிடுவேன். அவ்வளவு திமிர்.

என்னோடு வேலை பார்த்தவள் மாமல்லபுரம் பக்கத்துக் குப்பத்துக்காரி. விடியலில் கரையில் மீன் பிரித்துக் கொடுத்துவிட்டு, திருக்கழுக்குன்றம் வழியாக பஸ் பிடித்து வருவாள். மீன் வாடை என்று முதலாளியம்மா முகம் சுளிப்பார். அதற்குப் பயந்தே எங்களைவிட ஒருமுறை கூடுதலாகக் கழுவுவாள். சாயங்காலம் கிளம்பும்போது தேங்காய் எண்ணெய் தடவிக்கொள்வாள். அவள் கை எப்போதும் வழவழவென்று இருக்கும்.

அந்த மார்கழியில் சோப்பை மாற்றினார்கள். கேனில் வருகிற மலிவுச் சரக்கு. ஒரே வாரத்தில் என் விரல் மூட்டுகள் வெடித்து ரத்தம் கசிந்தது. சோப்புப் பட்டால் மிளகாய் அரைத்த கை மாதிரி எரியும்.

"எண்ணெ தடவுக்கா, இன்னாத்துக்கு வீம்பு?" என்றாள். கேட்டிருக்கலாம். அவள் சொல்லி நான் கேட்பதா?

முதலாளியம்மாவிடம் சொல்லவும் பயம். புண் கையோடு பிள்ளைகளைத் தொடாதே என்று வீட்டுக்கு அனுப்பிவிட்டால்? படாளத்தில் என் வீட்டில் சம்பாதிக்கிற ஆள் நான் ஒருத்திதான். அதனால் நான்கு நாள் சோப்பைத் தொடவில்லை. குழாயைத் திறந்து, விரல் நுனியை நனைத்து, துண்டில் ஒற்றிக்கொண்டேன். சுவரில் மாட்டியிருந்த தாளில் கழுவியதாக டிக் மட்டும் அடித்தேன்.

ஐந்தாம் நாள் இரண்டு பிள்ளைகளுக்கு வாந்தி பேதி. மறுநாள் ஐந்து பேருக்கு. ஒன்றரை வயதுப் பெண் ஒருத்தியை ஆஸ்பத்திரியில் சேர்த்து குளுக்கோஸ் ஏற்றினார்கள். தினமும் மத்தியானம் என் மடியில் தூங்குகிற பிள்ளை. நல்லவேளை, பிழைத்துக்கொண்டாள்.

பெற்றோர்கள் வந்து சத்தம் போட்டார்கள். முதலாளியம்மா எங்கள் இருவரையும் முன்னால் நிறுத்தினார். என் கையைப் பிடித்துத் தூக்கிக் காட்டினார்.

"பாருங்க, கழுவிக் கழுவி இவங்க கை எப்படி வெடிச்சிருக்கு. ஒழுங்கா கழுவுறவங்க கை இப்படித்தான் இருக்கும்."

பிறகு அவள் கையைத் திருப்பிப் பார்த்தார். அதில் ஒரு கீறல் இல்லை. மறுநாளிலிருந்து வர வேண்டாம் என்று சொல்லிவிட்டார்.

இதோ சொல்லிவிடலாம், இதோ சொல்லிவிடலாம் என்று நின்றுகொண்டே இருந்தேன். கூட்டம் கலைந்துவிட்டது.

வாசலில் செருப்பு மாட்டிக்கொண்டிருந்தவளிடம் போனேன். பையிலிருந்து எண்ணெய் டப்பாவை எடுத்து என் கையில் வைத்தாள்.

"நீ சோப்பு போடாம வந்துகினு இருந்தத நான் பாத்தேன்க்கா. எரியுதேன்னுதான் வுட்டுட்டேன். சொல்லியிருக்கணும். கொயந்திங்க பாவம்" என்றாள். பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டதென்று வேகமாக நடந்தாள்.

இன்றும் அங்கேதான் இருக்கிறேன். இப்போது ஒவ்வொரு முறையும் சோப்புப் போட்டுத்தான் கழுவுகிறேன். அந்த டப்பாவைத் திறக்க மனம் வரவில்லை. கை ஆறவும் இல்லை. புதிதாக யாராவது வேலைக்கு வந்தால் முதலாளியம்மா என்னைக் கூப்பிட்டு, இந்தக் கையைப் பார் என்கிறார். நானும் நீட்டுகிறேன்.