டோக்கன் கூப்பிட்டபோது மகள் தூங்கிக்கொண்டிருந்தாள்

எங்கள் மகளுக்கு நான்கு வயதில் ஆட்டிசம் என்று சொன்னார்கள். பேச்சு வராததற்கும் கூப்பிட்டால் திரும்பிப் பார்க்காததற்கும் ஒரு பெயர் கிடைத்ததில் கொஞ்சம் ஆறுதல்கூட இருந்தது. தூக்கத்தைப் பற்றி அன்றைக்கு யாரும் பேசவில்லை. வளர வளரச் சரியாகிவிடும் என்று நாங்களும் விட்டுவிட்டோம்.

ஆறு வயதிலும் அவள் தூங்கவில்லை. வெகுநேரம் புரண்டு புரண்டு கண்ணயர்வாள். கொஞ்ச நேரத்திலேயே எழுந்து உட்கார்ந்துவிடுவாள். அழமாட்டாள். சுவரோரமாக நுனிக்காலில் நடப்பாள், தொண்டைக்குள் ஒரே சத்தத்தை இழுத்துக்கொண்டே இருப்பாள், குதிப்பாள். விடியும்வரை இதுதான்.

அப்போது கும்மிடிப்பூண்டியில் ஒரு மாடி வீட்டில் வாடகைக்கு இருந்தோம். தேர்வாய் கண்டிகையில் ஒரு கம்பெனியில் நான் தகடு வெட்டும் பிரஸ் மெஷின் ஓட்டினேன். எனக்கு நைட் ஷிப்ட் என்றால் மனைவி தனியாக விழித்திருப்பாள். மற்ற நாட்களில் முறை வைத்துக்கொள்வோம்.

கீழ்வீட்டு அம்மா ஒருநாள் படிக்கட்டில் என்னை நிறுத்தினார்.

"இன்னாப்பா, ராத்திரியெல்லாம் உங்க ஊட்ல இன்னாதான் நடக்குது? தலை மேலயே திங்கு திங்குன்னு குதிக்கிறீங்க. எங்க ஊட்டுக்காரரு விடிகாலைல வேலைக்கிப் போணும்."

மகளைப் பற்றிச் சொன்னேன்.

"அதுக்கு நான் இன்னா பண்ண முடியும்? கொயந்தைய தூங்க வையி."

கோபமில்லாமல்தான் சொன்னார். நாங்கள் செய்ய மறந்துபோன ஏதோ சின்ன வேலையை ஞாபகப்படுத்துவதுபோல இருந்தது.

யார் எதைச் சொன்னாலும் செய்தோம். கசகசா அரைத்துப் பாலில் கலந்து கொடுத்தோம். உள்ளங்காலில் விளக்கெண்ணெய் தேய்த்தோம். பழவேற்காட்டிலிருந்து மனைவியின் அக்கா வந்து மிளகாய் சுற்றிப் போட்டார். மருந்துக்கடையில் ஒரு சளி சிரப்பை எடுத்துக் கொடுத்து, "இத்த குடு, அடிச்சிப் போட்ட மாதிரி தூங்கும்" என்றார்கள். அன்று அவள் ஒரு நிமிஷம்கூடக் கண்ணை மூடவில்லை. நெஞ்சில் கை வைத்தால் படபடவென்று அடித்துக்கொண்டது. சுவரில் தலையை மோதிக்கொண்டாள். காலையில் மனைவி அந்த சிரப்பைச் சாக்கடையில் கொட்டினாள்.

கூட வேலை செய்யும் ஒருவர் சொல்லித்தான் சென்னையில் ஒரு பெரிய ஆஸ்பத்திரிக்குப் போனோம். லீவு போட்டு, விடியலிலேயே மின்சார ரயில் பிடித்தோம். ஜன்னல் கம்பியைப் பிடித்தபடி மகள் வழியெல்லாம் வெளியே பார்த்துக்கொண்டு வந்தாள். டோக்கன் வாங்கிக்கொண்டு பெஞ்சில் உட்கார்ந்தோம். சுற்றிலும் குழந்தைகளின் அழுகை, ஸ்ட்ரெச்சர் உருளும் சத்தம். அந்த இரைச்சலுக்கு நடுவே அவள் தலை மெல்ல அம்மாவின் தோளில் சாய்ந்தது. வாய் லேசாகத் திறந்தது. தூங்கிவிட்டாள். பகல் வெளிச்சத்தில் அவள் தூங்கும் முகத்தைப் பார்த்து எவ்வளவோ நாளாகியிருந்தது.

எங்கள் நம்பரைக் கூப்பிட்டார்கள். எழுந்தேன். மனைவி என் சட்டையைப் பிடித்து இழுத்தாள்.

"எழுப்பாதீங்க."

"டாக்டரப் பாக்கத்தானே இவ்ளோ தூரம் வந்தோம்?"

"தூங்குதுங்க. நல்லா தூங்குது பாருங்க."

மறுபடியும் கூப்பிட்டார்கள். நர்ஸ் எங்களிடமே வந்துவிட்டார்.

"உங்க நம்பர்தானம்மா? தூக்கினு வாங்க."

"தூக்கினா முழிச்சிக்கும் சிஸ்டர்."

"தூங்கலன்னுதானே வந்துக்கிறீங்க? இப்டி தூங்குதே?"

அவர் கேலி செய்யவில்லை. எங்களுக்குப் பின்னால் கூட்டம் காத்திருந்தது. மனைவி மகளை இன்னும் இறுக்கி அணைத்துக்கொள்ள, நர்ஸ் அடுத்த நம்பரைக் கூப்பிடப் போய்விட்டார். கொஞ்ச நேரத்தில் அவளும் சுவரில் சாய்ந்தபடியே தூங்கிப்போனாள். அடுத்தடுத்த நம்பர்கள் உள்ளே போய்வந்தன. நான் இருவரையும் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். மகள் கண் விழித்தபோது டாக்டர் போய்விட்டிருந்தார். டாக்டரைப் பார்க்காமலே ஊர் திரும்பினோம்.

அடுத்தமுறை அவள் தூங்கவில்லை. ஒரு பெண் டாக்டர் நிதானமாக எல்லாவற்றையும் விசாரித்தார். எப்போது சாப்பிடுகிறாள், போன் பார்க்கிறாளா, அறையில் விளக்கு எரியுமா என்று கேட்டார். கடைசியில் எங்களைப் பார்த்து, "நீங்க ரெண்டு பேரும் எப்ப தூங்குறீங்க?" என்றார். மனைவி துப்பட்டாவால் முகத்தை மூடிக்கொண்டாள்.

டாக்டர் காத்திருந்து சொன்னார்: "தூக்கம் புடிக்க ஒரு மாத்திரை தர்றேன். ஆனா நடுவுல முழிச்சிக்கிறது நிக்கும்னு என்னால சொல்ல முடியாது. கதவுல கொழந்தைக்கு எட்டாத உயரத்துல ஒரு தாழ்ப்பாள் போடுங்க. நைட் ஷிப்ட் மாத்திக்க முடியுமான்னு பாருங்க."

மாத்திரை வேலை செய்தது. முதல் நாள் அவள் சீக்கிரமே தூங்க, மூச்சு வருகிறதா என்று பார்த்துப் பார்த்து நாங்கள்தான் தூங்கவில்லை. அப்புறமும் பாதி ராத்திரியில் எழுந்துகொண்டுதான் இருந்தாள். அவள் தூங்கிய அந்தப் பாதியே எங்களுக்குப் பெரிதாக இருந்தது. கீழ்வீட்டுக்குப் போதவில்லை. வீட்டு ஓனர் காலி செய்யச் சொன்னார்.

எளாவூரில் ஹைவேயை ஒட்டி ஒரு வீட்டை மனைவிதான் பிடித்தாள். செக்போஸ்ட்டுக்கு வரும் லாரிகள் இரவும் பகலும் வாசலிலேயே உறுமிக்கொண்டிருந்தன. இங்கே எப்படி இருப்பது என்று கேட்டேன்.

"இந்தச் சத்தத்துல நம்ம பாப்பா குதிக்கிறது யாருக்குங்க கேக்கும்?" என்றாள்.

கம்பெனியில் பகல் ஷிப்ட் கேட்டேன். தரவில்லை. ஒருநாள் மெஷின் முன்னாலேயே கண் சொருகி, கை உள்ளே போகப் பார்த்தது. சூப்பர்வைசர் என்னை இழுத்துத் தள்ளி, கெட்ட வார்த்தையில் திட்டினார். அதன்பிறகுதான் ஸ்டோருக்கு மாற்றினார்கள். பகல் வேலை அப்படித்தான் கிடைத்தது.

ஒரு மத்தியானம் மனைவியிடமிருந்து போன். அழுகைதான் கேட்டது. ஓடிவந்தேன். எதிர் டீக்கடைக்காரர் கையில் துணி சுற்றிக்கொண்டு வாசலில் நின்றார்.

"நைனா, கொயந்த லாரி சக்கரத்தாண்ட குந்திகினு இருந்துச்சு. டிரைவரு வண்டிய ஸ்டார்ட் பண்ணிட்டான். நான் இழுத்துகினு வந்தேன், கடிச்சிடுச்சு. அத்த உடு, கொயந்தைக்கி ஒண்ணியும் ஆவல."

உள்ளே அடுப்பில் சோறு தீய்ந்துபோயிருந்தது. மனைவி தரையில் உட்கார்ந்து தன் கன்னத்தில் தானே அறைந்துகொண்டிருந்தாள்.

"கண்ணு மூடினதே தெரிலங்க. மேல் தாப்பாள போட மறந்துட்டேங்க."

அவள் கைகளைப் பிடித்துக்கொண்டேன். மகள் பக்கத்தில் படுத்து, தரையில் கன்னத்தை வைத்து லாரிகளின் அதிர்வைக் கேட்டுக்கொண்டிருந்தாள்.

இப்போது அவளுக்கு ஒன்பது வயது. மருந்தை ஒருமுறை கூட்டினார்கள், இனிமேல் கூட்ட முடியாது என்றும் சொல்லிவிட்டார்கள். கதவைப் பூட்டிச் சாவியை இடுப்பில் செருகிக்கொள்கிறாள் மனைவி. நான் வேலைவிட்டு வந்ததும் சாவியை என்னிடம் கொடுத்துவிட்டுப் படுப்பாள். அவள் எழுந்த பிறகு நான் படுப்பேன். சண்டை போடக்கூட எங்களுக்கு நேரம் ஒத்துவருவதில்லை.

போன முறை டாக்டர் கேட்டபோது, "இப்ப பரவால்ல மேடம், மூணு மணி வரைக்கும் தூங்குது" என்றாள் மனைவி. டாக்டர் சந்தோஷமாக எழுதிக்கொண்டார்.

வெளியே வந்ததும், "எங்க மூணு மணி வரைக்கும் தூங்குது?" என்று கேட்டேன்.

"போன வாரம் ஒரு நாள் தூங்குச்சே" என்று சொல்லிவிட்டு, மகளின் கையைப் பிடித்துக்கொண்டு ஸ்டேஷனைப் பார்த்து நடந்தாள்.