அமாவாசை மேசை

மகள் ஒன்பதாம் வகுப்பில் கேட்ட படிப்பு மேசையை, அவள் பெங்களூரில் வேலைக்குச் சேர்ந்த பிறகுதான் செய்து முடித்தேன். அதுவரை கருவிகள் வாங்கினேன். ரம்பம் கோணாமல் அறுக்க உதவும் ஜிக்குகளை நானே செய்தேன். பிறகு ஜிக்குகளை மாட்டி வைக்க ஒரு பலகையும் செய்தேன். மேசைக்கென்று வாங்கிய தேக்கு அதிலேயே தீர்ந்துபோனது.

மறுபடியும் வேலூர் போய் மரம் வாங்கினேன். பக்கத்து வீட்டு விசைத்தறி ஓடினால் என் சுவரும் சேர்ந்து அதிரும், ஜிக் நகர்ந்துவிடும். அதனால் தறிக்கு லீவு விடும் அமாவாசைகளில் மட்டும் அறுத்தேன். மாதத்துக்கு ஒரு கால் வீதம் மேசை எழுந்தது.

நல்ல மேசை இருந்தால் அவள் இங்கிருந்தே வேலை பார்ப்பாள், ஒரு வாரமாவது கூட இருப்பாள் என்று ஆசை. பொங்கலுக்கு வந்தவள் மேசையைத் தடவிப் பார்த்து, "சூப்பர்ப்பா" என்றாள். அப்புறம் லேப்டாப்பை மடியில் வைத்துக்கொண்டு கட்டிலில் சாய்ந்துவிட்டாள். காணும் பொங்கலன்றே பஸ் ஏறினாள்.

வெறும் அறையில் மேசை முன் நின்றிருந்தேன். மனைவி எட்டிப் பார்த்தாள்.

"இன்னாங்க, அதையே பாத்துகினு நிக்கிறீங்க? பெட்டி வெக்க நல்லா தோதா இருந்திச்சாம். குனியாம துணி எடுக்க முடிஞ்சுதுன்னு சொல்லிட்டுப் போனா."